வாசகர் கேள்வி – பதில்: மலைச்சரிவில் கொம்பவுண்ட் வில்

கொம்பவுண்ட் வில், அதாவது முனைகளில் கேம் எனும் சில்லுகள் பூட்டிய வில், பயிலும் இளையோரிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன: அம்பு எவ்வளவு விழும், அதற்கு ஏற்ப எங்கே குறி வைப்பது? ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே வில்லை வைத்துப் போட்டவை. அதன் அம்பு செக்கனுக்கு 85 மீற்றர் வேகத்தில், அதாவது 280 அடி வேகத்தில், புறப்படுகிறது. அம்பு கண்ணுக்கு 10 சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது. கண்ணிலிருந்து சைட் பின்னுக்கு, அதாவது வில்லில் பூட்டிய குறிகாட்டியில் இலக்கின் மேல் வைக்கும் முனைக்கு, 85 சென்ரிமீற்றர். உங்கள் வில்லின் எண்கள் கொஞ்சம் மாறும். கணக்கின் முறை மாறாது.

அம்பு கொஞ்ச தூரம் நேராகப் போய்ப் பிறகுதான் விழத் தொடங்கும் என்கிறார்கள் சிலர். முதலில் மேலே எழும்பும் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?
– உயர்தர மாணவர், ஹட்டன்

தம்பி, நாணிலிருந்து கழன்ற கணத்திலேயே அம்பு விழத் தொடங்கிவிடுகிறது. நேராகப் போகும் தூரம் என்று ஒன்று கிடையாது. பௌதிகவியலில் படித்த அதே சமன்பாடுதான்: விழும் அளவு என்பது 9.8 இன் அரைவாசியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. 20 மீற்றரைக் கடக்க நம் அம்புக்கு 0.235 செக்கன் போதும். அதற்குள் 27 சென்ரிமீற்றர் விழுந்துவிடுகிறது. 30 மீற்றரில் 61, 40 மீற்றரில் 108, 50 மீற்றரில் 170 சென்ரிமீற்றர். 20 ஐ 40 ஆக்கினால் தூரம் இரண்டு மடங்கு, வீழ்ச்சி நான்கு மடங்கு. வளித் தடையையும் சேர்த்தால் 50 மீற்றரில் இன்னும் சில சென்ரிமீற்றர் கூடும்.

1.5 மீற்றர் உயரத்தில் கையிலிருந்து நழுவவிட்ட அம்பு 0.55 செக்கனில் தரையைத் தொடும். அதே உயரத்தில் சரியாகக் கிடையாக எய்த அம்பும் அதே 0.55 செக்கனில்தான் தரையைத் தொடும்; அதற்குள் 47 மீற்றர் போயிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் எழும்புவது போல் ஏன் தெரிகிறது? நாமே அதை மேல்நோக்கி அனுப்புவதால். கண், பீப் (நாணில் பூட்டிய பார்வைத் துளை), பின், இலக்கு நான்கும் ஒரு நேர்கோட்டில் இருக்கும்போது அம்பு அந்தக் கோட்டுக்குக் கீழிருந்து கிளம்பி, சற்று மேல்நோக்கிச் சாய்ந்து, கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போய், திரும்பி வந்து இலக்கில் கோட்டைத் தொடுகிறது. 50 மீற்றருக்கு அந்தச் சாய்வு 2 பாகைதான். பின்னை நீங்கள் கீழே இறக்கும்போது உண்மையில் செய்வது இதைத்தான்: இறக்கிய பின்னை மறுபடி இலக்கில் வைக்க வில் தானாகவே மேலே உயர்ந்துவிடும்.

பாரமான அம்பு சீக்கிரம் விழும் என்பது உண்மையா?
– பாடசாலை மாணவி, நானுஓயா

பாரத்தினால் அல்ல, மகள். வளித் தடையை ஒதுக்கிப் பார்த்தால் பாரமான அம்பும் இலேசான அம்பும் ஒரு செக்கனில் ஒரே அளவுதான் விழும். ஆனால் அதே வில் பாரமான அம்பை மெதுவாகவே தள்ளும். 350 கிரெயின் (அம்பின் பாரத்தை அளக்கும் சிறு அலகு) அம்பை 85 மீற்றர் வேகத்தில் அனுப்பும் வில், 420 கிரெயின் அம்பை ஏறத்தாழ 78 மீற்றரில் அனுப்பும் என்று வையுங்கள். 50 மீற்றருக்கு அது 0.64 செக்கன் எடுக்கும். வீழ்ச்சி 201 சென்ரிமீற்றர். அம்பை மட்டும் மாற்றிவிட்டுப் பின்னை மாற்றாமல் எய்தால் ஓர் அடிக்கு மேல் கீழே குத்துவது இதனால்தான்.

அதற்காக இலேசான அம்பைத் தேடி ஓட வேண்டாம். வில்லின் இழுவைப் பாரத்தில் 1 இறாத்தலுக்குக் குறைந்தது 5 கிரெயின் என்பது பொதுவான எல்லை. போட்டி உச்சமான 60 இறாத்தல் வில்லுக்கு 300 கிரெயின், அதாவது 19.4 கிராம். அதற்குக் கீழே போனால், அம்பு எடுத்துச் செல்ல வேண்டிய சக்தி வில்லின் கைகளிலும் கேம்களிலும் நாணிலும் அதிர்ச்சியாகத் திரும்பும். அம்பே இல்லாமல் நாணை விடுவதற்கு மிக நெருங்கிய காரியம் அது.

புது சைட் வாங்கியிருக்கிறோம். பின்களை எந்த ஒழுங்கில் நிறுத்துவது?
– வில்வித்தைக் கழகத்தினர், கொட்டகலை

முதலில் பீப், டி லூப் (நாணை இழுக்கப் பிடிக்கும் சிறு கண்ணி), ரெஸ்ட் (அம்பு தங்கும் தாங்கி) மூன்றும் இறுக்கமாக, இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று பிறகு 2 மில்லிமீற்றர் நகர்ந்தாலும் அதுவரை செய்த வேலை வீண்.

10 மீற்றரில் தொடங்கி, அம்பு இலக்கு மெத்தையில் படுவதை உறுதி செய்த பிறகு 20 மீற்றருக்குப் போங்கள். ஓர் அம்பைப் பார்த்துத் திருகாதீர்கள். ஆறு அம்பு எய்து, தெளிவாகத் தவறவிட்டதை ஒதுக்கி, மிகுதிக் கூட்டத்தின் நடுவைப் பாருங்கள். பிறகு பின்னைக் கொண்டு அம்பைத் துரத்துங்கள்: கூட்டம் கீழே என்றால் பின்னைக் கீழே, மேலே என்றால் மேலே, இடதென்றால் இடது. புதிதாகப் பழகுவோர் அடிக்கடி தலைகீழாகத் திருகுவது இந்த இடத்தில்தான்.

எவ்வளவு திருகுவது என்பதையும் ஊகிக்கத் தேவையில்லை. தவறிய அளவை 0.85 ஆல் பெருக்கி, மீற்றரில் தூரத்தால் வகுங்கள். 50 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் கீழே என்றால் 1.7 மில்லிமீற்றர். அதே 10 சென்ரிமீற்றர் 20 மீற்றரில் என்றால் 4 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். இடது வலதை மட்டும் தூரத்தில் வைத்து முடியுங்கள். சிறு பிழை அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

நம் எடுத்துக்காட்டு வில்லில் 20 மீற்றர்ப் பின்னுக்கும் 30 மீற்றர்ப் பின்னுக்கும் இடையே 4.3 மில்லிமீற்றர், 30 க்கும் 40 க்கும் 5.1, 40 க்கும் 50 க்கும் 5.3. தூரம் கூடக் கூட இடைவெளி சற்றே விரிய வேண்டும். உங்களுடையது நடுவில் சுருங்கி மறுபடி விரிந்தால், அந்தப் பின்னைப் பிழையாக நிறுத்தியிருக்கிறீர்கள் அல்லது தூரத்தைப் பிழையாக அளந்திருக்கிறீர்கள். இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கும். 20, 50 இரண்டுக்கும் இடையே 15 மில்லிமீற்றர் என்றால் அம்பு 85 மீற்றர் வேகம். 18 மில்லிமீற்றர் என்றால் 78. வேகமானி வாங்க வசதி இல்லாத கழகத்துக்கு இது போதுமான அளவீடு.

ஒரே பின்தான் இருக்கிறது, அதை 20 க்கு நிறுத்தியாயிற்று என்றால்: அதே பின்னோடு 10 மீற்றரில் 2 சென்ரிமீற்றர் மேலேயும், 30 இல் 15, 40 இல் 44, 50 இல் 87 சென்ரிமீற்றர் கீழேயும் படும். தூரத்தை 5 மீற்றர் பிழையாக மதிப்பிடுவது கிட்டத்தில் மன்னிக்கப்படும், தூரத்தில் மன்னிக்கப்படாது. 25 மீற்றரை 20 என்று நினைத்தால் 6 சென்ரிமீற்றர் கீழே. 50 ஐ 45 என்று நினைத்தால் 16 சென்ரிமீற்றர் கீழே.

எங்கள் பயிற்சி இடம் தேயிலை மலைக்கு நடுவே. கீழே இருக்கும் இலக்குக்கு எய்தாலும் அம்பு மேலே போகிறது, மேலே இருக்கும் இலக்குக்கு எய்தாலும் மேலே போகிறது. தூரத்தைச் சரியாக அளந்துதான் எய்கிறோம். ஏன்?
– இளைஞர் குழு, வெலிமடை

மலைநாட்டு வில்லாளர் ஒவ்வொருவரும் முதலில் தெளிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. அளந்த தூரம் சரிதான். ஆனால் நீங்கள் அளந்தது சரிவின் வழியே உள்ள தூரம். புவியீர்ப்பு சரிவைப் பார்ப்பதில்லை. எங்கே நின்றாலும் தூக்குக்குண்டு தொங்கும் திசையிலேயே இழுக்கும். சமதரையில் எய்யும்போது அந்த இழுவை முழுவதும் பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே விழுகிறது. சரிவில் எய்யும்போது அதில் ஒரு பங்கு கோட்டின் வழியே போய்விடுகிறது. குறுக்கே இழுக்க மிஞ்சுவது சாய்வின் கோசைன் அளவு மட்டுமே. மேலே எய்தாலும் கீழே எய்தாலும் அது குறையத்தான் செய்யும். சமதரைக்கு நிறுத்திய சைட் பின் முழு வீழ்ச்சியையும் எதிர்பார்த்து அம்பை உயர்த்தி அனுப்புகிறது; அவ்வளவு வீழ்ச்சி வராததால் இரண்டு பக்கமும் மேலே குத்துகிறது.

ஆகவே அளந்த தூரத்தைக் கோசைனால் பெருக்கி, வரும் தூரத்துக்குப் பின்னை வையுங்கள். 10 பாகைக்கு 0.985, 15 க்கு 0.966, 20 க்கு 0.94; 25 க்கு 0.906, 30 க்கு 0.866, 35 க்கு 0.819, 40 க்கு 0.766; 45 க்கு 0.707. ஒரு சிறு அட்டையில் எழுதி அம்புக்கூட்டில் கட்டிவிடுங்கள். 40 மீற்றர், 30 பாகைச் சரிவு என்றால் 34.6 மீற்றருக்கு எய்ய வேண்டும். 40 பின்னோடே எய்தால் 14 சென்ரிமீற்றருக்கு மேல் உயரத்தில் படும். அதே 40 மீற்றரில் சரிவு 15 பாகைதான் என்றால் பிழை 4 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். 50 மீற்றரில் 20 பாகைக்கு 10 சென்ரிமீற்றர். கிட்டத்தில், மெல்லிய சரிவில் கணக்குப் போட்டு நேரத்தைக் கடத்த வேண்டாம். தூரமும் சரிவும் சேர்ந்து வரும்போது கட்டாயம் போடுங்கள்.

சாய்வை அளக்கப் பாகைமானி ஒன்றும் நூலும் ஒரு நட்டும் போதும். பாகைமானியின் நேர் விளிம்பின் நடுப்புள்ளியில் நூலைக் கட்டி நட்டைத் தொங்கவிடுங்கள். நேர் விளிம்பின் வழியே இலக்கைப் பாருங்கள். நூல் அசைவு நின்றதும் விரலால் அமத்திப் பிடித்து எண்ணை வாசியுங்கள். அதற்கும் 90 க்கும் உள்ள வித்தியாசமே சாய்வு. கண்ணால் மட்டும் மதிப்பிட்டால் சரிவு இருப்பதை விடக் கூடுதலாகவே தோன்றும். 20 பாகையை 35 என்று சொல்பவர்கள் ஏராளம். கைத்தொலைபேசியில் சாய்வு காட்டும் செயலியும் சரியே.

கணக்கைச் சரியாகப் போட்டும் மேலே எய்யும்போது சற்றுக் கீழேயும், கீழே எய்யும்போது சற்று மேலேயும் பட்டால் குழம்ப வேண்டாம். மலையேறும் அம்பு வேகம் இழக்கிறது, இறங்கும் அம்பு வேகம் பெறுகிறது. 40 மீற்றர், 30 பாகையில் அது இரண்டு மூன்று சென்ரிமீற்றர். 34.6 என்பதை மேலே எய்ய 35.5 ஆகவும், கீழே எய்ய 33.5 ஆகவும் எடுத்தால் அதுவும் அடங்கிவிடும்.

கணக்கைவிட உடம்பு செய்யும் பிழை பெரியது. இலக்கு பணிய இருக்கும்போது பலர் இடது கையை மட்டும் தாழ்த்துகிறார்கள். தோளுக்கும் கைக்கும் உள்ள கோணம் மாறி, இழுவை குறுகி, முகத்தில் நாண் தொடும் இடமே மாறிவிடுகிறது. பீப் வழியாகத் தெரியும் வட்டமும் நடுவை விட்டு விலகும். சமதரையில் எய்வதுபோல் முழுதாக இழுத்துப் பிடித்து, பிறகு இடுப்பிலிருந்து வளையுங்கள். தோள்களும் கைகளும் ஒரே கோட்டில், உடலுக்குச் சிலுவைபோல் இருக்க வேண்டும். மேலே எய்யும்போதும் இதேதான். மேட்டுப் பக்கத்துக் காலின் முழங்காலைச் சற்று மடித்தால் இடுப்பு திரும்ப இடம் கிடைக்கும்.

உயரம் சரியாகிவிட்டது. ஆனால் கீழே எய்யும்போது எப்போதும் இடது பக்கம் போகிறது. சமதரையில் நடுவில்தான் படுகிறது.
– வாசகர், தலவாக்கலை

அண்ணா, மேலே எய்து பாருங்கள். அப்போது வலது பக்கம் போனால், சைட்டின் மூன்றாம் அச்சு (சைட்டின் தலை கதவுபோல் உங்கள் பக்கமோ இலக்குப் பக்கமோ திரும்பும் அச்சு) கோணலாக இருக்கிறது. மேலேயும் இடதுதான் என்றால், வில்லைக் கையால் முறுக்குகிறீர்கள் அல்லது சாய்த்துப் பிடிக்கிறீர்கள்.

சாய்ப்பது ஏன் இவ்வளவு கெடுதி? பின் கீழே இறங்கியிருப்பது வீழ்ச்சியை ஈடுசெய்ய. வில்லைச் சாய்த்தால் அந்த ஈட்டில் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடுகிறது. 50 மீற்றரில் 170 சென்ரிமீற்றர் வீழ்ச்சி. 3 பாகை சாய்த்தால் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் பக்கத்தில் படும். போட்டியில் கொம்பவுண்ட் வில்லுக்கு 50 மீற்றரில் வைக்கும் 80 சென்ரிமீற்றர் இலக்கில் ஒவ்வொரு வளையமும் 4 சென்ரிமீற்றர் அகலம். நடுவில் பட வேண்டிய அம்பு 8 இல் போய் உட்காரும். வில்லின் மேல்முனை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அம்பும் போகும். தேயிலை வரிசைகளும் கான்களும் சரிவாக ஓடும் இடத்தில் கண்ணுக்குக் கிடைக்கோடு எது என்றே தெரியாது. அங்கே சைட்டில் இருக்கும் மட்டக் குமிழியை மட்டும் நம்புங்கள். இழுத்து நிலைத்ததும் குமிழி, பிறகு பின், நாணை விடுவிக்கும் ரிலீஸைத் தொடும் முன் மறுபடி குமிழி.

ஆனால் மூன்றாம் அச்சு கோணலாக இருந்தால் அந்தக் குமிழியே பொய் சொல்லும், அதுவும் வில்லை மேலேயோ கீழேயோ சரித்தால் மட்டும். சோதிக்கும் முறை இது: பயிற்சி மெத்தைக்கு முன்னால், மேலிருந்து மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். முதலில் சமமாக நின்று, நூலோடு சைட்டின் நிமிர்ந்த விளிம்பு ஒட்டி நிற்கும்போது குமிழி நடுவில் நிற்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இரண்டாம் அச்சின் (குமிழி இடது வலமாகச் சாயும் அச்சு) திருகைத் திருத்துங்கள். பிறகு அம்பைப் பூட்டி, முழுதாக இழுத்து, இடுப்பிலிருந்து 30 பாகை கீழே வளைந்து, அதே விளிம்பை அதே நூலோடு ஒட்ட வையுங்கள். குமிழி விலகினால், இழுவையைத் தளர்த்தி மூன்றாம் அச்சின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி மீண்டும் பாருங்கள். இழுக்காமல் மேசையில் வைத்துச் செய்வதைவிட இது நம்பகமானது; இழுத்த நிலையில் வில் சற்றுத் திரும்புவதும் கணக்கில் சேர்ந்துவிடும். இதைச் செய்யும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று குமிழியைப் பார்த்துச் சொன்னால் வேலை சுலபம்.

மலையில் புவியீர்ப்பு குறைவு என்பார்களே. நுவரெலியாவில் நிறுத்திய சைட் கொழும்பில் நடக்கும் போட்டிக்குச் சரிவருமா?
– வீராங்கனை, நுவரெலியா

குறைவுதான், அம்புக்குத் தெரியும் அளவு அல்ல. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அந்த உயரத்தால் புவியீர்ப்பு குறைவது 1 வீதத்தில் பதினேழில் ஒரு பங்கு அளவுதான். 50 மீற்றரில் 170 சென்ரிமீற்றர் விழும் அம்பில் 1 மில்லிமீற்றர். இந்து சமுத்திரத்தில், நம் நாட்டுக்குத் தெற்கே, புவியீர்ப்பு வலுக் குறைந்த ஒரு பெரும் பரப்பு இருக்கிறது. அங்கே கடல்மட்டம் பூமியின் சராசரி வடிவத்தைவிட 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. கேட்க வியப்பாக இருக்கும் அந்த வித்தியாசம்கூட அம்பில் ஒரு மில்லிமீற்றரை எட்டாது.

மாறுவது வளி. நுவரெலியாவின் குளிர்ந்த வளிகூடக் கொழும்பின் வளியைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஐதானது. தடை குறைவதால் மலையில் 50 மீற்றரில் அம்பு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மேலே படும். கொழும்பில் அதே அளவு கீழே. பின்னில் அது கால் மில்லிமீற்றர் இறக்கம். பயிற்சி நேரத்தில் ஒரு சுற்று எய்து கூட்டத்தைப் பார்த்துச் சரிசெய்தால் முடிந்தது.

இது சின்ன விடயம் என்றாலும் உங்கள் மட்டத்தில் கவனிக்க வேண்டியதே. 72 அம்புகளில் 720 க்கு எய்யும் ஆட்டத்தில் கோட்டைத் தொட்டதும் தொடாததும் புள்ளியாகிறது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கொம்பவுண்ட் வில்லுக்குக் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறுகிறது; இந்த வில்லில் கண்ணும் கருத்துமாகப் பயில இதைவிட நல்ல காலம் இல்லை.

3 மீற்றரில் வைத்த இலக்குக்கு 20 பின்னோடு எய்தால் கீழே படுகிறது. இவ்வளவு கிட்டத்தில் எப்படி விழும்?
– வாசகர், அப்புத்தளை

விழவில்லை, இன்னும் ஏறி வரவில்லை. கண்ணுக்கு 10 சென்ரிமீற்றர் கீழே கிளம்பிய அம்பு பார்வைக் கோட்டை எட்டுவதற்கு முன்பே இலக்கு வந்துவிடுகிறது. நம் வில்லுக்கு 5 மீற்றரில் 30 பின்னையும், 3 மீற்றரில் 50 பின்னையும் பாவிக்க வேண்டும். பின் ஆக உயரத்தில் நிற்க வேண்டியது 12 மீற்றரில். அதைவிடக் கிட்டப் போனாலும் தூரப் போனாலும் இறக்கம்தான்.

இலக்கு தெளிவாகத் தெரிந்தும் அம்பு நடுவழியில் நிழல் மரக் கிளையில் பட்டது.
– வாசகர், ராகலை

50 மீற்றருக்கு எய்த அம்பு நடுவழியில், 25 மீற்றரில், நீங்கள் பார்க்கும் கோட்டுக்கு 37 சென்ரிமீற்றர் மேலே பறக்கிறது. கண் தாண்டிப் போவதை அம்பு தாண்டாது. இழுத்துப் பிடித்த நிலையில் 20 பின், 30 பின் முதலியவை எங்கே தெரிகின்றன என்று பாருங்கள்: 50 பின் இலக்கில் இருக்கும்போது 25 மீற்றரில் உள்ள கிளை 20 க்கும் 30 க்கும் இடையில் தெரிந்தால் அம்பு அதில் படும்.

மூடுபனியில் தூரமானி வேறு வேறு எண் காட்டுகிறது.
– வாசகர், மஸ்கெலியா

லேசர் ஒளி பனித்துளிகளில் பட்டே திரும்பிவிடுகிறது. அதனால் பெரும்பாலும் குறைவான தூரம் காட்டும். பயிற்சி இடத்தில் வெயில் நாளில் நாடாவால் அளந்து முளை அடித்துவிடுங்கள். கண்ணால் மதிப்பிட்டால் பனியில் இலக்கு தள்ளி இருப்பதாகத் தோன்றி அம்பு மேலே போகும். மழைநாளில் பீப்பின் துளையில் நீர் நிற்கும்; ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ஊதிவிடுங்கள். நாணுக்கு மெழுகு பூசி வையுங்கள். இறகு பூட்டிய அம்பு நனைந்தால் பாரமேறிப் படிந்துவிடும். பிளாஸ்ரிக் சிறகே நமது காலநிலைக்கு உகந்தது.

தோட்டத்தில் பிள்ளைகள் பயில இடம் ஒதுக்கித் தருகிறார்கள். எந்த இடத்தைக் கேட்பது?
– பெற்றோர், புசல்லாவை

ஐயா, இலக்குக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர் நிமிர்ந்து நிற்கும் இடத்தைக் கேளுங்கள். இலக்கைவிட இரண்டு ஆள் உயரமாவது மண் தெரிய வேண்டும். முகத்தில் கல் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது, கல்லில் பட்ட அம்பு திரும்பி எங்கும் போகும். மலை முகட்டில் இலக்கு வைக்கவே கூடாது: தவறிய அம்பு முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் கொழுந்து எடுப்பவர்கள் மேல் இறங்கலாம். பணிய லயம், குறுக்குப் பாதை, பீலிக்கரை எதுவும் எய்யும் திசையில் இருக்கக் கூடாது.

மேல்நோக்கி எய்யப் பழகும் பிள்ளைகளை முதல் நாளே கவனியுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்கி, இறக்கிக்கொண்டே இழுக்கும் பழக்கம் எளிதில் தொற்றும். 20 பாகை உயர்ந்த நிலையில் ரிலீஸ் தவறித் தட்டுப்பட்டாலே அம்பு 300 மீற்றரைத் தாண்டும். அம்பின் முனை எப்போதும் மண்சுவரைப் பார்த்தபடி இருக்க, அதற்குள்ளேயே முழுதாக இழுக்க முடியாத பிள்ளைக்கு இழுவையின் பாரம் அதிகம். வில்லின் இரண்டு கைகளையும் இறுக்கும் போல்ட்டுகளை ஒரே அளவு தளர்த்தி, சில இறாத்தல் குறைத்துக் கொடுங்கள்; எவ்வளவு தளர்த்தலாம் என்ற எல்லை வில்லின் கையேட்டில் இருக்கும். குறைத்த பிறகு வேகமும் குறையும், ஆகவே 20 மீற்றரிலிருந்து பின்களை மறுபடி நிறுத்த வேண்டும்.